பத்து நிகழ்ச்சிகளின் சம்பளம்: பேஸ் கிட்டாருக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

பேஸ் கிட்டார் வாங்கப் போகிறேன், பட்ஜெட் எவ்வளவு வைத்துக்கொள்ளட்டும் என்று கேட்கும் தம்பி தங்கைகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். ஒரு நிகழ்ச்சிக்குப் போய் வந்தால், பெட்ரோலும் சாப்பாடும் போகக் கையில் எவ்வளவு நிற்கிறது? அந்தத் தொகையைப் பத்தால் பெருக்குங்கள். பேஸ், பை, கேபிள், கம்பி எல்லாம் சேர்ந்து அதற்குள் முடிய வேண்டும். 2,000 ரூபாய் நின்றால் 20,000. 5,000 நின்றால் 50,000.

ஏன் பத்து? மெல்லிசைக் குழுக்களில் ஓரளவு அழைப்பு வரும் ஒருவருக்கு, தை தொடங்கி வைகாசி முடிவதற்குள் பத்து மேடை கிடைத்துவிடும். கல்யாண ரிசப்ஷன்கள் இருக்கின்றன, பங்குனி சித்திரைத் திருவிழாக்கள் இருக்கின்றன. போட்ட பணம் ஒரே சீசனில் திரும்பிவிடும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. ஆடியில் அம்மன் கோவில் மேடைகள் கைகொடுக்கலாம், டிசம்பரில் சர்ச் நிகழ்ச்சிகள் வரலாம். ஆனால் வந்தால்தான் உண்டு. இருபது, முப்பது நிகழ்ச்சிகளின் சம்பளத்தை ஒரே கருவியில் போட்டவர், அழைப்பில்லாத மாதங்களில் அந்தக் கருவியையே பாதி விலைக்கு விற்க வேண்டிய நிலைக்கு வருகிறார்.

இன்னொரு உண்மையையும் மனதில் வையுங்கள். விழாக் கமிட்டி பட்ஜெட்டைக் குறைத்தால் குழுவிலிருந்து முதலில் விடுபடும் ஆட்களில் ஒருவர் பேஸ் வாசிப்பவர். கீபோர்டுக்காரர் இடது கையால் சமாளித்துக்கொள்வார், இல்லையென்றால் ட்ராக் ஓடும். அதனால் இனி வரப்போகும் வருமானத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கடந்த ஆறு மாதத்தில் உண்மையில் கைக்கு வந்ததை வைத்துப் போடுங்கள்.

இன்னும் ஒரு மேடைகூட ஏறாதவர் என்ன செய்வது? அவருக்கும் என்னிடம் ஒரு எண் உண்டு: எல்லாம் சேர்த்து 25,000. அதற்கு வெகுவாகக் கீழே போனால் கருவியோடு மல்லுக்கட்டியே வாசிப்பு நின்றுவிடும். அதற்கு மேலே போக இப்போதைக்குக் காரணம் இல்லை.

விலைக்கு என்ன கிடைக்கும்?

நான் சொல்லும் விலைகள் தோராயமானவை. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். 10,000 ரூபாய்க்குக் கீழேயும் பேஸ் கிடைக்கிறது. அவற்றில் பலவற்றுக்கு ஃப்ரெட்டுகள் ஒரே மட்டத்தில் இருக்காது, ட்யூனிங் ஒரு பாட்டு முடிவதற்குள் இறங்கும். வீட்டில் பழகவே சிரமம், மேடைக்கு ஆகாது. 15,000-லிருந்து 30,000 வரையுள்ள தட்டுதான் நமக்குச் சோறு போடும் தட்டு. யமஹாவின் டி.ஆர்.பி.எக்ஸ். வரிசையில் ஆரம்ப மாடல், ஐபனீஸின் ஜி.எஸ்.ஆர்., கோர்ட்டின் ஆக்‌ஷன், ஸ்குவயரின் அஃபினிட்டி எல்லாம் இந்த எல்லைக்குள்ளோ இதை ஒட்டியோ வரும். 30,000-க்கு மேல் 60,000 வரை பிக்கப்பும் மரமும் மெருகும் உயரும். மெக்சிகோவில் தயாராகும் ஃபெண்டர் கிட்டத்தட்ட லட்சத்தில் நிற்கும். அமெரிக்காவில் செய்தது அதற்கும் வெகுதூரம் மேலே.

25,000 ரூபாய் பேஸ் எப்படி மேடைக்குத் தாங்கும் என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. காரணம் இந்தக் கருவியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1951-ல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது, ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த வாத்தியக்காரர்களுக்கு ஒரு வேலைக் கருவியாகத்தான் அதைச் செய்தார். திடமான ஒரு மரப்பலகை, அதில் திருகாணியால் முடுக்கிய கழுத்து, ஒரு பிக்கப், இரண்டு குமிழ். ஃப்ரெட் இருப்பதால் சுருதி பிசகாது. உடைந்தால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எளிமையான அந்த அமைப்பை இன்று கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் இயந்திரங்கள் துல்லியமாக வெட்டிக் கொடுத்துவிடுகின்றன. கோர்ட் நிறுவனம் தன் பெயரில் மட்டுமல்லாமல் வேறு பெரிய பெயர்களுக்கும் கிட்டார் செய்து கொடுப்பது இத்தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. மலிவு பேஸில் இப்போது குறை வருவதெல்லாம் பெரும்பாலும் கடைசிக்கட்டக் கைவேலையில்தான்: ஃப்ரெட் முனைகளைத் தேய்ப்பது, நட்டை அளவாக வெட்டுவது, கம்பியின் உயரத்தைச் சரிசெய்வது. இவற்றை நம்மூரிலேயே சில நூறு, ஆயிரம் ரூபாயில் சரிசெய்துவிடலாம்.

அதிக விலை கொடுத்தால்தான் நல்ல வாசிப்பு வரும் என்று நினைப்பவர்கள் 1961-ல் ஹாம்பர்க்கில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிக்கு ஃபெண்டர் வாங்க வசதி இல்லை. சுமார் 30 பவுண்டுக்கு, வயலின் வடிவத்தில் இருந்த ஹோஃப்னர் பேஸை வாங்கினார். அவர் இடது கைக்காரர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் அந்த வடிவம் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது என்பதும் அதை எடுக்க ஒரு காரணம். பீட்டில்ஸின் தொடக்ககாலப் பதிவுகளில் கேட்பது அந்த மலிவு பேஸின் ஒலிதான். டெட்ராய்ட்டில் மோடவுன் நிறுவனத்துக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கையில் இருந்ததோ சாதாரணமான 1962 பிரிசிஷன். அவர் வாசித்தது பெரும்பாலும் வலது கையின் ஒரே விரலால்.

நம் மேடைக்கும் இதே நியாயம்தான். இளையராஜா பாடல்களில் பேஸ் தனியாக ஒரு மெட்டையே பாடிக்கொண்டு போகும். சசிதரன் வாசித்த அந்த வரிகள் நம் ரசிகர்களின் காதில் ஊறிக்கிடக்கின்றன. ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததும் அப்படித்தான். மேடையில் ஒரு வரியை மாற்றி வாசித்தால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் நிமிர்ந்து பார்ப்பார். பேஸ் எந்த நாட்டில் செய்தது என்று அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த அழைப்பு வருவது அந்த வரிகளை ஒழுங்காக வாசிப்பதாலும் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பதாலும்தான்.

நான்கு கம்பியா, ஐந்தா?

விலையைவிட இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். நான்கு கம்பி பேஸின் கடைசித் தாழ்ந்த ஸ்வரம் ஈ, அதாவது நம் குழுக்களின் கணக்கில் மூன்று கட்டை. ஒரு கட்டை என்றால் சி, இரண்டு கட்டை என்றால் டி. ஆண் பாடகர்கள் பலர் பாடுவது ஒரு கட்டையில், ஒன்றரையில், இரண்டில். அந்தச் சுருதிகளில் ஆதார ஸ்வரத்தைக் கீழ்ஸ்தாயியில் பிடிக்க நான்கு கம்பியில் இடமில்லை. மேல்ஸ்தாயியில் வாசித்துச் சமாளிக்கலாம், பெரிய தவறில்லை. ஆனால் தவிலும் ட்ரம்ஸும் முழங்கும் ஒரு குத்துப்பாட்டில் அடித்தளம் மெலிந்துபோகும். ஐந்தாவது கம்பி பி-யில் நிற்கும், ஏறக்குறைய 31 ஹெர்ட்ஸ். அது இருந்தால் பாடகர் கடைசி நிமிடத்தில் "அரைக்கட்டை இறக்கிக்கலாம்ணே" என்று சொன்னாலும் கலங்க வேண்டாம்.

ஆகவே மெல்லிசை மேடைதான் உங்கள் வேலையென்றால் அடுத்து வாங்குவது ஐந்து கம்பியாக இருக்கட்டும். அதே மாடலின் நான்கு கம்பியைவிடச் சில ஆயிரம் கூடும், கம்பி செட்டும் விலை கூடும். ஆனால் மிக மலிவான ஐந்து கம்பி பேஸ் வேண்டாம். அந்த பி கம்பி தொளதொளவென்று சேறுபோல் ஒலிக்கும். 20,000-தான் கையில் இருக்கிறது என்றால், அரைகுறை ஐந்தைவிட நல்ல நான்கே மேல். ராக் இசைக்குழு, கல்லூரிப் போட்டி, சர்ச் வழிபாடு என்று இருப்பவர்களுக்கு நான்கு கம்பி தாராளமாகப் போதும்.

பேஸ் மட்டும் வாங்கினால் போதாது

பட்ஜெட்டில் 70 பங்குதான் பேஸுக்கு. 30 பங்கை ஒதுக்கி வையுங்கள். இதை ஒதுக்காமல் முழுப் பணத்தையும் பேஸில் போட்டுவிட்டு, மெல்லிய துணிப்பையில் அதைத் தூக்கிக்கொண்டு பைக்கில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது. பேஸ் நீளமான கருவி. வேன் கதவிலும் ரயில் பெட்டி வாசலிலும் அதன் தலைதான் முதலில் இடிபடும். நல்ல தடிமனான பஞ்சு வைத்த பைக்கு 2,000 வரை கொடுப்பது நியாயம்.

அடுத்து கேபிள். மேடையில் முதலில் கழுத்தறுப்பது இதுதான். இரண்டு வாங்குங்கள், ஒன்று எப்போதும் பையிலேயே இருக்கட்டும். மாட்டும்போது கேபிளை ஸ்ட்ராப்புக்குப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி விட்டு மாட்டினால், யாராவது மிதித்தாலும் ஜாக் பிடுங்கிக்கொண்டு வராது. பேஸ் கம்பி ஒரு செட் சுமார் 2,000 ரூபாய். நம் கடலோர ஊர்களின் உப்புக்காற்றுக்கும் வியர்வைக்கும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் அதன் ஆயுள் நீளும். ட்யூனருக்கும் ஸ்ட்ராப்புக்கும் ஆயிரம் ரூபாய். ஸ்ட்ராப் அகலமானதாக இருக்கட்டும். பேஸ் பெரும்பாலும் நான்கு கிலோவை ஒட்டி இருக்கும், மூன்று மணி நேரக் கச்சேரியில் தோள் கழன்றுவிடும்.

ஆம்ப்ளிஃபையருக்குப் பெரிய தொகை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நம் மேடைகளில் பேஸ் பெரும்பாலும் டி.ஐ. பாக்ஸ் வழியாக நேராக மிக்ஸருக்குப் போகிறது. மைக்செட்காரர் கொண்டுவரும் ஸ்பீக்கரில்தான் உங்கள் ஒலி வெளிவருகிறது. வீட்டில் பழக ஹெட்போன் ஆம்ப் போதும், அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் நல்லது. அந்தப் பணத்தில் சொந்தமாக ஒரு டி.ஐ. பாக்ஸ் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். திருவிழா மேடையில் ஜெனரேட்டரும் சீரியல் லைட்டும் சேர்ந்து கிளப்பும் இரைச்சலுக்கு, டி.ஐ.யில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் பல நேரம் விடை கிடைக்கும். மைக்கில் உதடு பட்டால் சுர்ரென்று இழுக்கும் மேடைகளில் மட்டும் இதில் எதையும் நம்பாதீர்கள். எர்த்திங் சரியாகும்வரை கம்பியில் கை வைக்கவே வேண்டாம்.

மிச்சம் செட்டப். புதுப் பேஸை வாங்கிய வாரமே ஒரு கிட்டார் டெக்னீஷியனிடம் கொடுத்து, கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட், கம்பி உயரம், இன்டொனேஷன் மூன்றையும் பார்த்து வாங்குங்கள். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ஆகும். இதைவிட லாபமான செலவு இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்து இல்லை. 18,000 ரூபாய் பேஸ் கையில் 40,000 ரூபாய் பேஸ்போல உட்காரும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, கோடை நடுவில் ஒருமுறை கழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரமும் வெயிலும் மாறும்போது மரம் வளையும்.

கடையில் என்ன செய்ய வேண்டும்?

சென்னையில் இருப்பவர்களுக்கு வசதி அதிகம். 1842-லிருந்து இயங்கும் மியூசி மியூசிக்கல் அண்ணா சாலையில் இருக்கிறது, இன்னும் பல கடைகளும் இருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் ஒருநாள் ஒதுக்கியாவது வந்து கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. ஒரே மாடலில் இரண்டு பேஸை எடுத்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. கடையில் வைத்திருக்கும் எல்லாவற்றையும் வாசித்துப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள்.

முதலில் ஆம்பில் மாட்டாமல் வாசியுங்கள். ஒவ்வொரு கம்பியிலும் முதல் ஃப்ரெட்டிலிருந்து கடைசி ஃப்ரெட் வரை ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டுங்கள். எந்த இடத்திலாவது கம்பி உலோகத்தில் உரசி 'ஸ்ஸ்' என்று அதிர்கிறதா, ஏதாவது ஒரு ஸ்வரம் மற்றவற்றைவிடச் சட்டென்று செத்துப்போகிறதா என்று காது கொடுங்கள். அடுத்து, தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலாலும் கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் மறுகை விரலாலும் அழுத்திப் பிடியுங்கள். ஏழாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் கழுத்து சரி. கம்பி படுத்துக் கிடந்தாலோ பெரிய சந்து தெரிந்தாலோ ட்ரஸ் ராடைத் திருகிச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். திருகியும் மாறவில்லை என்றால் அந்தப் பேஸை வைத்துவிட்டு வாருங்கள். மற்ற குறைகளைப் பணத்தால் சரிசெய்யலாம், கோணிய கழுத்தைச் சரிசெய்வது கஷ்டம்.

பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் எழுப்புங்கள். அதே இடத்தில் அழுத்தியும் வாசியுங்கள். இரண்டும் ட்யூனரில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கழுத்தின் ஓரத்தில் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டுங்கள், ஃப்ரெட் முனை கீறக்கூடாது. இப்போது ஆம்பில் மாட்டிக் குமிழ்களைத் திருகுங்கள், கரகரப்பு வரக்கூடாது. ஜாக்கை லேசாக ஆட்டுங்கள், ஒலி அறுபடக்கூடாது. இரண்டு பிக்கப் உள்ள ஜாஸ் பேஸ் வகையில் ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் மெல்லிய இரைச்சல் இருக்கும், இரண்டையும் முழுக்கத் திறந்தால் அடங்கிவிடும். அது அதன் இயல்பு, குறையில்லை. பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ் என்றால், கேபிளைப் பிடுங்கி வைத்தால்தான் பேட்டரி அணையும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஸ்ட்ராப் மாட்டி எழுந்து நின்று இரண்டு கைகளையும் விட்டுவிடுங்கள். தலை தானாகத் தரையை நோக்கிச் சாய்ந்தால், வாசிக்கும் நேரமெல்லாம் இடது கை அதைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். உட்கார்ந்து வாசித்து மட்டும் முடிவு செய்கிறவர்களுக்கு இது கச்சேரி மேடையில்தான் தெரியவருகிறது.

பழையதா, தவணையா?

பழைய பேஸ் வாங்க நான் தாராளமாகச் சொல்வேன், மேலே சொன்ன சோதனைகளைச் செய்யத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்த ஒரு வாத்தியக்காரரைக் கூட்டிக்கொண்டு போக முடிந்தால். பெயருள்ள பேஸை ஒருவர் வாங்கிச் சில மாதம் தொட்டுப் பார்த்துவிட்டு விற்கும்போது, புதுசின் விலையில் பெரிய தள்ளுபடியோடு கிடைக்கும். நாளை நீங்கள் விற்கும்போது உங்களுக்கு நஷ்டம் அதிகம் வராது. பெயரே கேள்விப்படாத பேஸுக்கு மறுவிலை கிடையாது, அதனால் அது வாங்கும்போது தெரிவதைவிடக் கூடுதல் விலையுள்ள பொருள். பழையதை வாங்கும்போது பில்லைக் கேளுங்கள். பில் இல்லாமல், அவசரமாக, நம்ப முடியாத விலைக்கு வரும் கருவி திருட்டுப் பொருளாக இருக்கலாம். ஒரு வாத்தியக்காரரின் பிழைப்பைப் பறித்த பொருளை இன்னொரு வாத்தியக்காரர் வாங்கக்கூடாது.

தவணை வேண்டாம். மாதச் சம்பளக்காரர் ஆசைக்கு வாங்குவது வேறு. நிகழ்ச்சி வருமானத்தில் வாழ்பவருக்குத் தவணை தேதி தவறாமல் வரும், நிகழ்ச்சி அப்படி வராது. பத்து நிகழ்ச்சிக் கணக்கு எட்டவில்லையென்றால் குழுத் தலைவரிடம் பேசிப் பாருங்கள். சர்ச்சிலோ குழுவிலோ சும்மா கிடக்கும் பேஸ் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதை இரவல் வாங்கிச் செட்டப் செய்து, சில மாதம் அதிலேயே சம்பாதித்துச் சேர்த்துக்கொள்ளலாம். அதில் கேவலம் ஒன்றுமில்லை.

லட்சம் எப்போது?

லட்ச ரூபாய் பேஸையும் வீண் என்று நான் சொல்லவில்லை. ரெக்கார்டிங் ஸ்டுடியோவிலிருந்து அழைப்பு தொடர்ந்து வர ஆரம்பித்தால் கணக்கு மாறுகிறது. மேடையில் கூட்டத்தின் சத்தத்துக்குள் மறைந்துபோகும் இரைச்சலும் சீரில்லாத ஸ்வரங்களும் ஸ்டுடியோவின் கன்ட்ரோல் ரூமில் பளிச்சென்று கேட்கும். ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே கனத்தில், சுத்தமாக விழும் கருவி அங்கே நேரத்தை மிச்சப்படுத்தும், ஸ்டுடியோவில் நேரத்துக்குத்தான் காசு. அப்போதும் அளவுகோல் அதே பத்துதான். ஸ்டுடியோ சம்பளம் கூடியிருந்தால் கணக்கு தானாக லட்சத்தைத் தொடும். தொடவில்லை என்றால் இன்னும் நேரம் வரவில்லை.

உயர்ந்த பேஸ் வாங்கும் நாளில் பழையதை விற்றுவிடாதீர்கள். வெளியூர் மேடையில் எலக்ட்ரானிக்ஸ் மக்கர் செய்தால் அன்றைய சம்பளத்தைக் காப்பாற்றப்போவது அந்த 20,000 ரூபாய் பேஸ்தான். அதற்கும் வருடத்துக்கு ஒரு கம்பி செட் மாற்றி, ட்யூன் செய்து, பையில் போட்டுத் தயாராக வையுங்கள்.